சொற்களை நிரற்படுத்தல்: விரைவும் ஒழுங்கும்

நூலொன்றிற்குச் சொல்லடைவு தயாரித்தோர் அதன் உழைப்பினை அறிவர். துண்டுத் தாள்களில் சொற்களை எழுதி, அகரவரிசையில் அடுக்கி, மீண்டும் சரிபார்க்கும் அவ்வுழைப்பைக் கணனியிடம் ஒப்படைக்குமிடத்து, எந்த நெறிமுறையைக் கையாள்வது என்ற வினா எழுகிறது. இது கணிதத் துறையினர்க்கே உரிய வினாவெனக் கருதுதல் பொருந்தாது. ‘விரைவு நிரற்படுத்தல்’ எனப்படும் புகழ்பெற்ற நெறிமுறை பிறந்ததே மொழித் தேவையொன்றினாலாகும். 1959ஆம் ஆண்டளவில் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் பயின்ற ரொனி ஹோர் (இவர் 1934இல் கொழும்பிற் பிறந்தவர்), ருஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு இயந்திரத்தால் மொழிபெயர்ப்பது குறித்து ஆராய்ந்தார். அகராதி காந்த நாடாவில் அகரவரிசையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டுதல் இயலாது. எனவே வாக்கியத்தின் சொற்களை முதலில் நிரற்படுத்த வேண்டியிருந்தது. அதற்கென அவர் கண்ட வழி 1961இல் வெளியாயிற்று.

நெறிமுறைகளை ஒப்பிடுவோர் வினாடிகளைவிட ஒப்பீடுகளையே எண்ணுவர். வினாடி பொறிக்குப் பொறி மாறும். சீ மொழியில் எழுதுவதற்கு மிக எளியது குமிழி முறை. அடுத்தடுத்துள்ள இரு சொற்களை ஒப்பிட்டு, முறைமாறியிருப்பின் இடம் மாற்றிச் செல்லும். 10,000 சொற்களுக்கு அது 49,995,000 ஒப்பீடுகள் வரை வேண்டும். 1945இல் வொன் நொய்மான் வகுத்த ஒன்றிணைப்பு முறையோ பட்டியலை இரண்டிரண்டாகப் பிரித்து, நிரற்பட்ட பாதிகளை இணைத்துச் செல்வது. அதற்கு 123,617க்கு மேல் வேண்டியதில்லை. சொற்கள் இரட்டித்தால் முன்னதன் வேலை நான்கு மடங்காகும். பின்னதன் வேலை இரு மடங்கைச் சற்றே விஞ்சும்.

ஆயினும், ‘எது சிறந்தது?’ எனப் பொதுப்பட வினவுவோர், பட்டியல் எந்நிலையில் நம் கைக்கு வருகிறது என்பதை மறந்துவிடுகின்றனர். ஏற்கெனவே நிரற்பட்ட 10,000 சொற்களை, எளியதெனப் புறக்கணிக்கப்படும் செருகல் முறை 9,999 ஒப்பீடுகளில் முடித்துவிடும். அதே பட்டியலை, முதற்சொல்லையே பிரிகோலாகக் கொள்ளும் விரைவு முறையிடம் கொடுத்தால் அது குமிழி முறையின் 49,995,000க்கே இறங்கிவிடும். பழைய அடைவொன்றிற் சில சொற்களை மட்டும் சேர்ப்பவர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இவையெல்லாவற்றினும் அடிப்படையான பிரச்சினை ‘ஒப்பீடு’ என்பதே. சீ மொழியின் நூலகத்திலுள்ள நிரற்படுத்தற் சார்புக்கு எந்தச் சொல் முந்தியது என்பது தெரியாது. அதனைக் கூறும் சார்பொன்றைச் செய்நிரலாளரே எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் அங்கு எழுத்துக்களின் குறியீட்டெண்களையே ஒப்பிட்டுவிடுகின்றனர். யூனிகோட் அட்டவணையிலோ ரகரத்தை அடுத்து றகரமும், நகரத்தை அடுத்து னகரமும் வைக்கப்பட்டுள்ளன. விளைவு, ‘மறம்’ என்பது ‘மலர்’ என்பதற்கும், ‘பனை’ என்பது ‘பயன்’ என்பதற்கும் முன்னே வந்து நிற்கும். இலட்சம் ஒப்பீடுகளில் முடிந்தாலென்ன, ஐந்து கோடியில் முடிந்தாலென்ன, அவ்வடைவிற் சொல்லைத் தேடுபவர் ஏமாறுவார்.

ஒவ்வோர் எழுத்திற்கும் தமிழ் நெடுங்கணக்கின்படி எண் வழங்கி, சொல்லை அவ்வெண்களின் தொடராக மாற்றி ஒப்பிடுவதே தீர்வு. இங்கும் செலவு நோக்கத்தக்கது. ஒப்பிடுந்தோறும் இரு சொற்களையும் மாற்றினால் ஒன்றிணைப்பு முறையில் 247,234 மாற்றங்கள் வரை நேரும். தொடக்கத்திலேயே மாற்றி வைத்துக்கொண்டால் 10,000 மாற்றங்கள் போதும். எண் வழங்குகையில் புள்ளியெழுத்தை அகரமேறிய மெய்க்கு முன் வைப்பதா, பின் வைப்பதா, கிரந்த எழுத்துக்களுக்கு எங்கே இடம் என்பனவற்றை அடைவாசிரியரே தீர்மானித்தல் வேண்டும். முன் வைத்தால் ‘பக்கம்’ முதலில் வரும். யூனிகோட் எண்களின்படி விட்டுவிட்டால் ‘பகல்’ முந்திக்கொள்ளும்.