கல்லும் செடியும் காட்டும் இடைக்காலம்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவிலே, வானளாவிய மாளிகைகளைக் கடந்து வடகோடிக்குச் சென்றால், ஹட்சன் ஆற்றை நோக்கிய குன்றின்மேல் பழந்துறவியர் மடம் ஒன்று நிற்பதுபோல் தோன்றும். அது மடமன்று, 'கிளாய்ஸ்டர்ஸ்' என்னும் பொருட்காட்சிசாலை. ஐரோப்பிய இடைக்காலக் கலைக்கென மெட்ரோபாலிடன் கலைக்கூடம் 1938-இல் திறந்தது.

கிளாய்ஸ்டர் என்பது யாது? நம் கோயில்களின் திருச்சுற்று மாளிகையைக் கண்டவர்க்கு விளக்குதல் எளிது. திறந்த முற்றத்தைச் சூழ்ந்து நாற்புறமும் தூண்வரிசையோடு கூடிய நடைகூடம். நாம் நடுவில் கருவறையை வைத்தோம். அத்துறவியரோ தோட்டத்தை வைத்தனர்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் அந்நாட்டு மடங்கள் பல பாழாயின. சான் கியேம் மடத்துத் தூண்கள் சில ஒருவர் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் காலாக நின்றன! இத்தகையவற்றைத் தேடி வாங்கியவர் ஜார்ஜ் கிரே பார்னார்டு என்னும் அமெரிக்கச் சிற்பி. 1925-இல் இளைய ராக்பெல்லர் அளித்த பொருளால் அவை கலைக்கூடத்தைச் சேர்ந்தன. இடம்பெயர்ந்த கல்லைக் கண்டு மகிழ்வதா, வருந்துவதா? 1912-இல் மதுரையில் வாங்கப்பட்ட கோயில் மண்டபத் தூண்கள் பிலடெல்பியாக் கலைக்கூடத்தில் நிற்பதை அறிந்த நமக்கு இவ்வையம் புதிதன்று. கல்லை மட்டும் கொணர்ந்திருந்தால் நாமும் குறைகூறியே திரும்பியிருப்போம். இங்கே செடிகளையும் வளர்க்கிறார்கள்.

பான்ஃபோன் முற்றத்துத் தோட்டத்தில் நான்கு சீமைமாதுளை மரங்கள். அவற்றைச் சுற்றி, மிளார்களால் பின்னிய வேலியிட்ட மேட்டுப் பாத்திகள். மருந்துக்கு ஆவன, சமையலுக்கு ஆவன என்று பயனை நோக்கியே செடிகளை வகுத்திருக்கின்றனர். நாம் நெடுநேரம் நின்றது சாயச் செடிகளின் அருகே. வோடு என்னும் செடியின் இலை நீலம் தரும். நம் அவுரியில் உள்ள சாயப்பொருளே அதிலும் உண்டு. மாடர் என்பதன் வேர் சிவப்புத் தரும். அது நம் மஞ்சிட்டிக்கு உறவு. மூன்றாவதான வெல்டு மஞ்சள் தரும்.

இம்மூன்றையும் பார்த்த பிறகே உள்ளே சென்று ஒற்றைக்கொம்பன் திரைகளைக் காணவேண்டும். கம்பளியும் பட்டும் கொண்டு 1500-ஆம் ஆண்டையொட்டி நெய்யப்பட்ட அவ்வேழு திரைகளின் வண்ணங்கள் பெரும்பாலும் இச்செடிகள் ஈந்தவையே. பச்சையோ மஞ்சளின்மேல் நீலம் ஏற்றிப் பெற்றது. திரைகளில் 101 வகைச் செடிகள் உள்ளன. அவற்றுள் 85-ஐ இன்னவையெனத் தாவர அறிஞர் கண்டறிந்துள்ளனர். புரட்சிக் காலத்தில் கொள்ளைபோன இத்திரைகள், தோட்டப் பயிர்களைப் பனியினின்று காக்கும் போர்வையாகக் கிடந்தனவாம்!

செல்ல விரும்புவோர் வேனிற்காலத்திலேயே செல்க. குளிர்காலத்தில் பாத்திகள் வெறுமையாய்க் கிடக்கும். அப்போது கூக்ஸா முற்றத்தின் வளைவுகளைக் கண்ணாடியால் அடைத்து, நடைகூடத்தில் தொட்டிச்செடிகளை வைப்பது அங்குள்ள வழக்கம்.