புதுவை நிலமும் நீரும்: இணைப்புக்குப் பிந்தைய வேளாண்மை

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில், பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்து, சட்டப்படியான இணைப்பு நிறைவேற 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1963 ஜூலை 1 முதல் புதுச்சேரி தனக்கென ஒரு சட்டமன்றம் கொண்ட யூனியன் பிரதேசமானது. இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளில் ஆட்சி இந்தியாவின் கையில் இருந்தது, நிலத்தின் மீதான சட்டம் பிரெஞ்சுச் சட்டமாகவே நீடித்தது. ஆகவே பள்ளி, சாலை, மருத்துவமனை, மின்சாரம் ஆகியவை முதலில் வந்தன. நிலச் சீர்திருத்தம் பின்னால் வந்தது.

இணைந்த பகுதியின் பொருளாதாரம் இரண்டு உலகங்களாகக் கிடந்தது. நகரத்தில் சவானா, ரோடியர், பாரதி என்ற மூன்று பஞ்சாலைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலச் சாயத் துணி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. சுற்றுவட்டாரத்து நிலக்கடலை மர்செய் நகருக்குக் கப்பலேறியது. 1936 ஜூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். வ. சுப்பையா முன்னின்று வளர்த்த இயக்கம் அதற்கு அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்க வைத்தது. ஆலைக்குள் இத்தனை உரிமைகள் வந்த பிறகும், சில கிலோமீட்டர் தள்ளியிருந்த வயல்களில் வாரக் குடியானவருக்கும் கூலியாளுக்கும் எழுத்தில் ஒரு பாதுகாப்பும் இல்லை. பல தொழிலாளர்களின் வீடு கிராமத்தில்தான் இருந்தது. ஷிப்டு முடிந்து அவர்கள் திரும்பியது உரிமை எதுவும் எட்டாத அந்த ஊர்களுக்குத்தான்.

கிராமங்களின் அமைப்பும் விசித்திரமானது. இன்றும் புதுச்சேரி வட்டாரம் ஒரே நிலப்பரப்பு அல்ல. ஏறக்குறைய 290 சதுர கிலோமீட்டர் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் சிதறிக் கிடக்கிறது. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன்களில் (உள்ளாட்சிப் பிரிவுகளில்) வரப்புக்கு இந்தப் புறம் ஒரு நாடு, அந்தப் புறம் இன்னொரு நாடு என்ற நிலை இருந்தது. 1949இல் சுங்க உடன்பாடு முடிந்து எல்லையில் சோதனைச் சாவடிகள் எழுந்ததும், இந்த ஊர்களுக்கு நெல்லைக் கொண்டு போவதும் மாட்டை ஓட்டிப் போவதுமே பெரும்பாடாயிற்று. 1954 மார்ச் இறுதியில் விடுதலையை முதலில் அறிவித்த இடங்களில் நெட்டப்பாக்கம் முன்னணியில் நின்றதற்கு இந்த நிலவமைப்பும் ஒரு காரணம். நகரத்தைவிட வயல்வெளியில்தான் எல்லைக்கோடு அன்றாடம் இடறியது.

நிலவுரிமையில் பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற ஏற்பாடு சென்னை மாகாணத்திலிருந்து வேறுபட்டது. 1854ஆம் ஆண்டின் ஆணை, அரசுக்கு வரி கட்டி நிலத்தை வைத்திருப்பவரையே முழு உரிமையாளராக ஏற்றது. கிரயமும் பாகப்பிரிவினையும் நொத்தேர் என்ற பிரெஞ்சு முறைப் பத்திர அலுவலர் எழுதிய பத்திரத்தில் நடந்தன. பாகத்துக்குப் பாகம் நிலம் துண்டானது. நிலம் பேசப்பட்ட அளவே இதைக் காட்டும். ஒரு குழி என்பது 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. காணிக் கணக்கில் சொத்து வைத்திருந்தவர்கள் ஒரு சிலர். பெரும்பாலோருக்குக் குழிக் கணக்குதான். ஹெக்டேரும் ஆரும் ஆவணத்தில் ஏறிய பிறகும், இன்றைக்கும் புதுவையில் மனை வாங்குபவர் முதலில் கேட்பது குழி என்ன விலை என்றுதான்.

யூனியன் பிரதேசமானதும் சட்டமன்றம் நிலச் சட்டங்களைக் கையிலெடுத்தது. அதன் நான்கு வட்டாரங்களும் நான்கு திசையில் கிடந்ததால், ஒவ்வொன்றும் தன் அண்டை மாநிலத்தின் நடைமுறையை ஒட்டியே போக வேண்டியிருந்தது. காவிரிக் கடைமடையான காரைக்காலில் தஞ்சாவூரைப் போலவே பண்ணையாள் முறை வேரோடியிருந்தது. அங்கே 1966இல் காரைக்கால் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தஞ்சையில் இத்தகைய சட்டம் 1952லேயே வந்துவிட்டதை நினைத்தால், ஆற்றின் ஒரே வாய்க்காலில் நீர் குடித்த இரண்டு பண்ணையாட்களுக்கு இடையே பதினான்கு ஆண்டு இடைவெளி விழுந்திருக்கிறது. இரண்டு கொடிகளின் கீழ் இருந்ததற்கு உழைப்பாளி கொடுத்த விலை அது. மாஹேக்கு 1968இல் தனி நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டங்கள் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை வெளியேற்றத்திலிருந்து காத்தன, நியாய வாரத்தையும் வரையறுத்தன. 1973ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 6 தர ஹெக்டேர் என்று எல்லை கட்டியது. அது ஏறத்தாழ 15 ஏக்கர். தமிழ்நாடு 1961இல் 30 ஆக வைத்து 1970இல் 15 ஆகக் குறைத்த அதே அளவு.

காரைக்காலின் பண்ணைகளில் இந்தச் சட்டத்துக்கு ஓரளவு வேலை இருந்தது. புதுச்சேரி வட்டாரத்திலோ, குழிக் கணக்காகச் சிதறிய நிலத்தில் உச்சவரம்பைத் தாண்டி எடுத்துப் பங்கிட அதிகம் கிடைக்கவில்லை. குத்தகைதாரரைக் காத்த சட்டமும் குடியிருப்பு மனைக்கு உரிமை தந்த சட்டமும்தான் ஏழைகளின் வாழ்வை நேரடியாகத் தொட்டன. குடிசை நிற்கும் மண் தன்னுடையது என்றான பிறகுதான் ஒரு கூலியாள் கூலியை உயர்த்திக் கேட்க முடிந்தது.

விளைச்சலை உயர்த்தியவை விதையும் பயிற்சியும் பம்புசெட்டும். 1960களின் பிற்பகுதியில் ஏடிடி 27, ஐஆர் 8 போன்ற உயர்விளைச்சல் ரகங்கள் பரவத் தொடங்கியதும், சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டத்திலும் நெல் போடுவது பாகூர் பக்கம் வழக்கமானது. 1974இல் புதுச்சேரிக்கு ஒரு பெருமை சேர்ந்தது. உழவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தருவதற்கென மோகன் சிங் மேத்தா குழு பரிந்துரைத்த வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவது இங்கேதான் திறக்கப்பட்டது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அது தொடங்கியது. இன்று நாடு முழுதும் இத்தகைய நிலையங்கள் எழுநூறுக்கு மேல் உள்ளன. பட்டமோ தேர்வோ இல்லாமல், வயலில் நின்று நாற்று, உரம், பூச்சி மேலாண்மை ஆகியவற்றைச் செய்து கற்கும் முறையே இதன் அடிப்படை. குரும்பாப்பேட்டில் உள்ள இந்த நிலையம் தந்த நெல் ரகங்களின் பெயர்களில் ஊரின் நினைவும் கலந்திருக்கிறது. ஒன்று புனிதவதி, காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர். இன்னொன்று பாரதிதாசன். மற்றொன்று புதுவைப் பொன்னி.

ஆனால் மூன்று போகத்துக்கும் நீர் வேண்டும். புதுவையின் பழைய பாசனம் ஏரிகளை நம்பியது. வட்டாரத்தில் 84 ஏரிகள். அவற்றில் ஊசுட்டேரி பெரியது, அடுத்தது பாகூர் ஏரி. பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வரும். ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி நீர் சுத்துக்கேணி வாய்க்காலில் வரும். இரண்டு ஆறுகளும் தமிழ்நாடு வழியாக வருபவை என்பதால் தலைமடை எப்போதும் அடுத்த வீட்டில்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து கலிங்கல் வழிந்ததும், எந்த மடையை எந்த நாளில் திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். நீர் பாய்ச்சும் ஆளுக்கு அறுவடையில் கதிர்க்கட்டு கூலி. கோடையில் வாய்க்கால் தூர் வாருவது அனைவர் வேலை. பிரெஞ்சு ஆட்சியும் இந்தக் கூட்டு நிர்வாகத்தை உழவர் சங்கங்களாகப் பதிவு செய்து அங்கீகரித்திருந்தது.

அதே மண்ணுக்கடியில் இன்னொரு செல்வமும் இருந்தது. 1870களிலேயே சவானா ஆலைக்காகத் துளையிட்டபோது நீர் தானாகப் பொங்கி மேலெழுந்தது. புதுவையின் பொங்கு ஊற்றுகள் அப்போதே நிலவியல் அறிஞர்களை ஈர்த்தன. இணைப்புக்குப் பின் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது, போர்வெல்லுக்குக் கடனும் மானியமும் கிடைத்தன, பிறகு விவசாய மின்சாரமே இலவசமானது. போர் வைத்தவர் ஏரிக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்காதவர் தூர் வாரவும் வரவில்லை. ஊர்க்கூட்டம் கலைந்தது, வரத்து வாய்க்கால்கள் மண்மூடின, ஏரிக்குள் ஆக்கிரமிப்பு ஏறியது. போர் வைக்க வசதியில்லாத சிறு விவசாயி பக்கத்து போர்க்காரரிடம் தண்ணீருக்குப் பணமோ நெல்லோ கொடுத்தார். நிலக் குத்தகையைச் சட்டம் வரையறுத்த அதே காலத்தில், எந்தச் சட்டமும் தொடாத ஒரு தண்ணீர்க் குத்தகை இப்படி வளர்ந்தது. புதுவைச் சீர்திருத்தத்தின் பெரிய ஓட்டை இதுதான். நிலத்துக்கு உச்சவரம்பு கட்டியவர்கள், அந்த நிலத்துக்கு அடியிலிருந்து எவ்வளவு இறைக்கலாம் என்று யோசிக்கவே இல்லை. பொங்கிய ஊற்றுகள் அடங்கின, நீர்மட்டம் இறங்கியது, கரையோர ஊர்களில் கிணறு உவர்த்தது.

இதற்கிடையே பொருளாதாரத்தின் மையம் வயலை விட்டு நகர்ந்தது. ஜிப்மர் மருத்துவமனை, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள், 1985இல் பல்கலைக்கழகம், அரசு வேலைகள், சுற்றுலா என வருமானத்தின் வழிகள் பெருகின. வேளாண்மையைச் சார்ந்த நிறுவனங்களில் பால் கூட்டுறவான பான்லே வேரூன்றியது. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை கரும்பு விவசாயிகளுக்கு நம்பிக்கை தந்து, பின்னர் நலிந்து நின்றது. நூற்றாண்டு கண்ட பஞ்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. ரோடியர் என்ற ஏஎஃப்டி ஆலை 2020இல் மூடப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் யூனியன் பிரதேச மக்களில் 68 விழுக்காட்டினர் நகரவாசிகள். வில்லியனூர் சாலையோரத்து நெல்வயல்கள் மனைக்கற்கள் நட்ட பிளாட்டுகளாயின. விளைவதைவிட விற்பதில் வருமானம் அதிகமென்றால் விவசாயி விற்கத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல இடமில்லை. விளைநிலத்தைக் காக்கும் பொறுப்பு அரசுடையது.

நீரைப் பற்றிய திருத்தம் காலந்தாழ்ந்தே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் 84 ஏரிகளையும் கணக்கிலெடுத்தது. கரை பலப்படுத்தி, மடை செப்பனிட்டதோடு நில்லாமல், ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு பயனாளிகள் சங்கம் அமைத்தது. நிலமில்லாதவர்களும் பெண்களும் அதில் உறுப்பினராகலாம். பழைய ஊர்க்கூட்டத்தில் இவர்களுக்கு இடம் இருந்ததில்லை. 2002இல் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, புது போர் போட அனுமதி கட்டாயமாயிற்று. காரைக்காலுக்கு 2007இல் காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 7 டிஎம்சி நீரை உறுதிசெய்தது. பாகூருக்கு அத்தகைய தீர்ப்பு எதுவும் கிடையாது. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வருவது அன்றைய பெண்ணையாற்று வரத்தையும், சொர்ணாவூரில் மதகு திறக்கப்படுவதையும் பொறுத்தே இன்றும் இருக்கிறது.