வெள்ளைத் தாளில் வாழும் யமாடா குடும்பம்

‘மை நெய்பர்ஸ் தி யமாடாஸ்’ 1999 ஜூலை 17 அன்று ஜப்பானில் வெளியான அனிமேஷன் படம். புகழ்பெற்ற ஸ்டூடியோ ஜிப்லியின் தயாரிப்பு. இயக்கியவர் இசாவோ தகஹாத்தா. சாகசமும் மாயமும் நிறைந்த படங்களுக்குப் பெயர்போன நிறுவனத்திலிருந்து வந்தாலும், இதில் வில்லன் இல்லை, போர் இல்லை, தொடர்ச்சியான கதையும் இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடம்தான் படம்.

இந்தப் படத்துக்கு மூலம், ஹிசாயிச்சி இஷி வரைந்த மாங்கா. மாங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. இஷியின் தொடர் ஆசாஹி ஷிம்பூன் நாளிதழில் 1991இல் தொடங்கியது. ஒரு நாளைக்கு நான்கே கட்டங்கள். முதல் கட்டத்தில் தொடக்கம், இரண்டாவதில் வளர்ச்சி, மூன்றாவதில் எதிர்பாராத திருப்பம், நான்காவதில் முடிவு. ஓவியர்கள் மாலி, கோபுலு காலத்திலிருந்து வாரப் பத்திரிகையில் சிரிப்புப் படங்களைத் தேடிப் படித்துவரும் தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சுருக்கத்தின் சுவை புதிதல்ல.

குடும்பத்தில் ஆறு உயிர்கள். அலுவலகம் போய்வரும் அப்பா தகாஷி, சமையலில் சலிப்புற்ற அம்மா மட்சுகோ, படிப்பில் மனம் செல்லாத மகன் நொபோரு, கடைக்குட்டி நொனோகோ, அம்மாவைப் பெற்ற பாட்டி ஷிகே, சிடுமூஞ்சி நாய் போச்சி. டிவி ரிமோட்டுக்காகக் கணவனும் மனைவியும் மல்லுக்கு நிற்கிறார்கள். கடைக்குப் போன குடும்பம் நொனோகோவை அங்கேயே மறந்துவிட்டுக் காரில் கிளம்பிவிடுகிறது. அவளோ தான் தொலைந்ததாகவே நினைக்கவில்லை. வீட்டுக்காரர்கள்தான் தொலைந்துபோனார்கள் என்று நம்புகிறாள். இப்படித் துண்டு துண்டாக நகரும் படத்தில், சில பகுதிகளின் முடிவில் பாஷோ, பூசோன் போன்ற கவிஞர்களின் ஹைக்கூ ஒலிக்கிறது. சற்று முன் சிரிக்க வைத்த சின்னச் சம்பவத்தின் பின்னால் காலமும் பருவமும் நிற்பதை அந்த மூன்று வரிகள் உணர்த்திவிடுகின்றன.

படத்தின் பெரிய புதுமை அதன் தோற்றம். அன்றைய வழக்கமான அனிமேஷனில் உருவங்களை ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து, ஒரே சீராக வண்ணம் நிரப்பி, தனியே தீட்டிய பின்னணியின் மேல் வைத்துப் படமெடுப்பார்கள். திரையில் ஓர் இடமும் காலியாக இருக்காது. தகஹாத்தா இதைக் கைவிட்டார். பென்சில் கோடு பென்சில் கோடாகவே தெரிகிறது. நீர்வண்ணம் கோட்டின் ஓரம்வரை போகாமல் பாதியில் கரைகிறது. ஓர் அறைக்கு ஒரு மேசையும் கதவின் விளிம்பும் போதும், மற்றதெல்லாம் வெள்ளை.

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் விடிகாலையில் வாசல் தெளித்துப் போடும் சிக்குக் கோலத்தில் இதே நுட்பம் உண்டு. மாவு விழாத தரையும் கோலத்தைச் சேர்ந்ததுதான். புள்ளியைச் சுற்றி விட்ட இடத்தை மாவால் நிரப்பிவிட்டால் இழை ஓடும் வழியே தெரியாது. யமாடா வீட்டின் வெள்ளையும் அப்படித்தான். அங்கே பார்ப்பவர் தம் வீட்டுக் கூடத்தை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இத்தனை எளிமையாகத் தெரியும் இந்தப் படம்தான் ஜிப்லி முழுக்கக் கணினியில் வண்ணமிட்ட முதல் படம். கையால் வரைந்த கோட்டின் நடுக்கத்தைக் காப்பாற்றவே கணினி பயன்பட்டது.

எளிய கோட்டால் எங்கும் தாவ முடியும். திருமண வாழ்த்துரை கேட்டுக்கொண்டிருக்கும்போதே மணமக்களான தகாஷியும் மட்சுகோவும் பனிச்சறுக்கு வண்டியில் பாய்கிறார்கள், புயற்கடலில் படகோட்டுகிறார்கள். மகன் பீச் பழத்திலிருந்தும் மகள் மூங்கிலிலிருந்தும் வருகிறார்கள். இரண்டுமே ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளின் பிறப்புகள்.

ஓரிடத்தில் மட்டும் பாணி மாறுகிறது. இரவில் தெருவில் பைக்கை உறுமவிட்டுக் கூச்சலிடும் இளைஞர்களைத் தட்டிக் கேட்கத் தகாஷி போகிறார். அதுவரை பொம்மை போலிருந்த உருவங்கள் சட்டென நிஜ மனிதரின் உயரமும் நிழலும் பெறுகின்றன. தகாஷிக்கு வாய் குழறுகிறது. பாட்டி வந்து பேசித்தான் நிலைமை சீராகிறது. பிறகு தகாஷி பூங்காவில் தனியே உட்கார்ந்து, முகமூடி வீரனாகித் தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதுபோல் கனவு காண்கிறார். ஒரு சாதாரண அப்பாவின் அச்சமும் ஆசையும் இவ்வளவு கனிவோடு திரையில் வருவது அரிது.

ஜிப்லியின் முந்தைய படமான ‘இளவரசி மோனோனோகே’ (1997) வசூலில் சாதனை படைத்தது. யமாடா குடும்பத்துக்கு அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. போட்ட பணமும் திரும்பவில்லை. ஆனால் தகஹாத்தா அந்த வெள்ளைத் தாளை விடவில்லை. 2013இல் அதே கோட்டையும் நீர்வண்ணத்தையும் கொண்டு ‘இளவரசி காகுயா’வை எடுத்தார். மூங்கிலில் பிறந்த அந்தப் பெண்ணின் கதை ஆஸ்கர் பரிந்துரைவரை சென்றது. அதுவே அவர் இயக்கிய கடைசிப் படம், 2018இல் மறைந்தார்.

104 நிமிடப் படத்தை ஒரே மூச்சில் பார்த்தாக வேண்டும் என்பதில்லை. பழைய பத்திரிகைத் தொகுப்பைப் புரட்டுவதுபோல் ஒவ்வொரு பகுதியாக, நடுநடுவே நிறுத்திப் பார்க்கலாம். கதை எப்போது தொடங்கும் என்று காத்திருக்காமல், கோடு எங்கே நிற்கிறது, வண்ணம் எங்கே கரைகிறது என்று கவனித்தால் படம் தானே திறந்துகொள்ளும்.