மஞ்சள் பாலும் பாட்டியின் மாத்திரையும்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் பாடம் நடத்தும்போது, ஆர்வத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன்: "மஞ்சளில் உள்ள குர்குமின் நரம்புச் செல்களைக் காக்கும்." மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவன் வந்து நின்றான். "சார், நீங்க சொன்னதை வீட்ல சொன்னேன். பாட்டி நடுக்குவாதத்துக்குப் போடுற மாத்திரையை நிறுத்திட்டு மஞ்சள் பால்தான் குடிக்கிறாங்க. இப்ப எழுந்து நடக்கவே முடியல."

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய், பாட்டியை உடனே மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பது எனக்குத் தெரியும். என் வாக்கியம் அங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் தெரியவில்லை.

நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் நரம்புச் செல்களுக்கு ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைக் குர்குமின் குறைக்கிறது. எலிகளிலும் நல்ல முடிவுகள் வந்துள்ளன. ஆனால் தட்டில் செல்லின் மேல் நேரடியாக ஊற்றுகிறார்கள். நாம் விழுங்கினால் குடல் அதைக் கொஞ்சமே உறிஞ்சுகிறது. அதையும் கல்லீரல் விரைவில் மாற்றிவிடுகிறது. மூளைக்குப் போய்ச் சேர்வது மிகச் சொற்பம். 100 கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 கிராம்தான். ஒரு டம்ளர் பாலில் போடும் அரைத் தேக்கரண்டியில் 50 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 36 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், தினமும் 2 அல்லது 4 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்தும் பலன் தெரியவில்லை.

பாட்டியின் மாத்திரை லெவோடோபா. வேடிக்கை என்னவென்றால், அதுவும் தாவரத்தில் இருப்பதுதான்! 1913-இல் குகன்ஹைம் என்பவர் ஒருவகை அவரை விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்; நம் பூனைக்காலி விதையிலும் உண்டு. நடுக்குவாதத்தில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. டோபமைனையே கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். செல்களை அது காப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. குறைந்ததை ஈடுகட்டுகிறது, அவ்வளவே. ஆனால் அதனால்தான் பாட்டி நடந்தார்.

மறுநாள் இதை வகுப்பில் சொன்னதும், "அப்ப விதையையே அரைச்சுக் கொடுக்கலாமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. விதைக்கு விதை அளவு மாறும்; மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு உண்டு என்றேன்.

பிறகு பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு, எல்லோருமாகத் திருத்தி எழுதினோம்: "குர்குமின் தட்டில் வளர்த்த நரம்புச் செல்களைக் காத்தது, எலிகளில் பலன் தெரிந்தது, மனிதரில் இன்னும் உறுதியாகவில்லை." முன்பு ஒரு வரி, இப்போது மூன்று வரி. தேர்வுக்கு எதை எழுதுவது என்று கேட்டவர்களும் உண்டு.

பாட்டி மறுபடியும் மாத்திரை சாப்பிடுகிறார். ரேஷன் கடை வரை நடந்து போய் வருகிறாராம். மஞ்சள் பாலையும் விடவில்லை.