ஒனேசிம் பட்ட கடன்

(வானொலி மறையுரை – பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



இன்றைய இரண்டாம் வாசகம் பவுலடியார் பிலமோனுக்கு எழுதிய திருமுகம். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். மூன்று ஆண்டு ஞாயிறு வாசகச் சுற்றில் இந்த ஒரு ஞாயிறு மட்டுமே இதைக் கேட்கிறோம். ஒனேசிம் என்னும் அடிமை தன் தலைவர் பிலமோனை விட்டுப் பிரிந்து, சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்கிறார். பவுல் அவரைத் திருப்பி அனுப்புகிறார்.

இங்கே ஒரு நெருடல் எழுகிறது. தப்பி வந்த அடிமையை அவன் தலைவனிடம் ஒப்படைக்கக்கூடாது, அவன் விரும்பும் ஊரில் அவனை வாழவிட வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் கட்டளை (23:15-16). பாபிலோன் மன்னன் அம்முராபியின் சட்டத்திலோ, தப்பிய அடிமையை வீட்டில் மறைத்து வைத்தவனுக்கே சாவு. பவுல் திருச்சட்டம் படித்தவர். பிறகு ஏன் அனுப்பினார்?

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஏற்பாட்டுச் சட்டம் அடிமை முறையை ஒழிக்கவில்லை. கடனுக்காக விலைபோன எபிரேயருக்கு ஆறு ஆண்டு என்று வரம்பு வைத்தது. ஏழாம் ஆண்டு அவரை வெறுங்கையாய் அனுப்பக்கூடாது என்றது. வேற்றினத்தாரை நிரந்தர அடிமைகளாக வைத்திருக்க லேவியர் 25 இடம் தருகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஆள் கடத்தல் என்று வரும்போது அச்சட்டம் சற்றும் வளைந்து கொடுக்கவில்லை. ஒருவரைக் கடத்தியவன், அவரை விற்றுவிட்டிருந்தாலும் தன்னிடமே வைத்திருந்தாலும், சாக வேண்டும் (விப 21:16). ஆடு திருடியவன் ஈடு கட்டித் தப்பலாம்; ஆளைத் திருடியவனுக்கு அந்த வழி இல்லை. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகமும் ஆள் கடத்துவோரைக் கொலைகாரரோடு சேர்த்தே எண்ணுகிறது (1:10).

நம் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. முன்பணம் கொடுத்து, வெற்றிலை பாக்கு மாற்றாத குறையாக அழைத்துப் போகிறார்கள். நம் முன்னோரைக் கங்காணிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிச் சென்றதும் இப்படித்தான். தொழிலாளி பட்ட கடனை ஒரு 'துண்டு'ச் சீட்டில் எழுதி, அதை அடைக்கும் அடுத்த தோட்டத்துக்கு ஆளையே மாற்றிவிட்டார்கள். அந்தச் சீட்டு 1921இல் ஒழிந்தது. வழக்கம் ஒழியவில்லை. தேனி, உசிலம்பட்டி வட்டாரத்துச் சிறுவர்கள் வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளிலிருந்து மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்றார்கள்: மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம், இடையில் திரும்பி வந்த பெண்ணுக்கு அது இல்லை.

பெற்றோரை மட்டும் குறை சொல்வது எளிது. நெகேமியா 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பஞ்சத்தில் தானியத்துக்காகப் பிள்ளைகளை அடகு வைத்தவர்கள் வந்து அழுகிறார்கள். நெகேமியா கோபப்படுவது அவர்கள்மேல் அல்ல, கடன் கொடுத்த பெரிய மனிதர்கள்மேல்.

ஆனால் ஓடிவந்த பையனை நாம் என்ன செய்கிறோம்? "அட்வான்ஸ் வாங்கியாச்சே, கணக்கை முடிச்சிட்டு வா" என்று மறுபடி பஸ் ஏற்றி விடுகிறோம். "வாங்கின கடனைக் கொடுக்காதது பாவம் இல்லையா, சாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனச்சாட்சியிலிருந்து வரும் கேள்விதான். முன்பணத்தைக் காட்டி, வேலையை விட்டுப் போகும் உரிமையை ஒருவரிடமிருந்து பறித்தால் அது கொத்தடிமைத்தனம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் அற்றுப்போகிறது. அதைத் திரும்ப வசூலிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிள்ளையின் உடலை ஈடாக வைத்து எழுதிய கணக்கு கடவுள் முன்னும் செல்லாது என்பதே என் கருத்து.

இப்போது பவுலிடம் வருவோம். இன்றைய வாசகம் 17ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. 18ஆம் வசனத்தைக் கேட்காமலே நாம் வீட்டுக்குப் போகிறோம். ஒனேசிம் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் சேர்க்கும்படி பவுல் சொல்வது அங்கேதான். தாமே செலுத்துவதாகத் தம் கைப்பட எழுதியும் கொடுக்கிறார். கடன் ஒனேசிமின் தலையில் இருக்கும்வரை அவர் பிலமோனுக்குச் சகோதரராக முடியாது என்பது பவுலுக்குத் தெரிந்திருந்தது. அடிமையாக அல்ல, அன்பார்ந்த சகோதரராக ஏற்றுக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புகிறார். அதற்கான செலவையும் ஏற்கிறார். நாம் பஸ் ஏற்றிவிடும் பையனுக்குக் கையில் அப்படி ஒரு கடிதம் இல்லை.

ஆகவே உங்கள் தெருவுக்கு ஒரு பிள்ளை அப்படித் திரும்பி வந்தால், முதலில் சாப்பாடு போடுங்கள். 1098 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. மாவட்ட ஆட்சியரிடமோ உத்தமபாளையம், பெரியகுளம் கோட்டாட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம். விசாரித்து விடுவிப்பது அவர்கள் பொறுப்பு. புரோக்கர் வாசலில் வந்து நின்றால் பெற்றோரைத் தனியாகப் பேச விடாதீர்கள். அன்பிய உறுப்பினர்கள் நான்கு பேர் கூடப் போய் நில்லுங்கள்.