எரித்தவருக்கு இடம் கொடுத்த நாடு

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அண்மையிலுள்ள வஹகோட்டையை அறியாத கத்தோலிக்க யாத்திரிகர் இந்நாட்டில் மிகச் சிலரே. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்தைச் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே நாடிச் செல்கின்றனர். மெழுகுதிரி ஏற்றுகின்றனர், நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர், பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புகின்றனர். ஆயின் அக்கோவிலைச் சுற்றி வாழும் குடிகள் யாவர், அவர்கள் எங்ஙனம் அவ்விடம் வந்து சேர்ந்தனர் என்று கேட்பவர் குறைவு. கேட்டால் கிடைக்கும் விடை வியப்புக்குரியது. பேச்சாலும் நடையுடையாலும் முற்றும் சிங்களக் குடியானவராகத் தோன்றும் அம்மக்களிற் பலர், பறங்கியர் என்று நம் முன்னோர் அழைத்த போர்த்துக்கேயரின் வழிவந்தோர். அவர்களுடைய மூதாதையரை அங்கே குடியமர்த்தியவன் கண்டி மன்னனே என்பது அவ்வூரின் மரபு.

அரை நூற்றாண்டு காலம் கண்டி நாட்டைச் சுட்டெரித்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்களுடைய சந்ததிக்கு அந்தக் கண்டி நாட்டின் நடுவிலேயே வீடும் வயலும் கிடைத்தது எவ்வாறு? இவ்வினா என்னை நெடுநாள் விடாது பற்றிக்கொண்டிருந்தது. விடை தேடிப் புகுந்தபோது, நாம் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த போர்களின் பட்டியல் சிறிதும் உதவவில்லை. தந்துறைப் போர் 1594, ரந்தெனிவெலப் போர் 1630, கன்னொறுவைப் போர் 1638 என்று ஒப்புவித்தோம், புள்ளி வாங்கினோம். அந்தப் பட்டியலில் நெல் இல்லை, எருமை இல்லை, காட்டிலே ஒளிந்திருந்த பெண்டு பிள்ளைகளும் இல்லை.

கோட்டை இராச்சியத்தின் கடைசி அரசன் தர்மபாலன் 1580இல் தன் நாட்டைப் போர்த்துக்கல் மன்னனுக்குச் சாசனம் எழுதி வைத்தான். 1597இல் அவன் இறக்க, கீழ்நாடு பறங்கியர் கைக்குச் சட்டப்படியே போயிற்று என்றனர். எஞ்சி நின்றது மலைநாடு. அதனையும் விழுங்க அவர்கள் வகுத்த முதல் வழி, பின்னர் உலகம் பலமுறை கண்ட வழியே: அரசுரிமையுள்ள ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு, ‘உங்களுக்கு உரிய ஆட்சியை உங்களுக்கே மீட்டுத்தர வருகிறோம்’ என்று படை நடத்துவது. தொனா கத்தரீனா என்று ஞானஸ்நானம் பெற்றிருந்த குசுமாசன தேவியை 1594இல் பேரோ லோப்பஸ் டி சூசா என்ற தளபதி கண்டிக்கு அழைத்துச் சென்று முடிசூட்டினான். மக்கள் அவளை அரசியாக ஏற்கச் சித்தமாயிருந்தனர். அவளைச் சுற்றி நின்ற அந்நியத் துப்பாக்கிகளை ஏற்கவில்லை. படை அழிந்தது. அதே இளவரசியை மணந்து, அதே உரிமையைக் காட்டியே, விமலதர்மசூரியன் தன் அரியணையை உறுதிப்படுத்திக்கொண்டான். படையெடுத்தோர் சுமந்து வந்த முடி பகைவனின் தலையில் போய் அமர்ந்தது.

அடுத்து வந்தவன் ஜெரோனிமோ டி அசவேதோ. 1594 முதல் 1612 வரை இத்தீவின் பறங்கித் தளபதியாயிருந்த இவன் கண்டியை நேர்ப்போரில் வெல்ல முயன்றான். 1603இல் பலனைக் கணவாயிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. அதன்பின் அவன் கைக்கொண்ட முறைதான் கவனிக்கத்தக்கது. நாட்டைப் பிடிக்க வேண்டாம். நாட்டின் வயிற்றை அடித்தாற் போதும் என்று முடிவு செய்தான். ஆண்டுக்கு இருமுறை மலைநாட்டு எல்லைக்குள் புகுந்து, விளைந்து நிற்கும் பயிரைக் கொளுத்துவது, கால்நடைகளைக் கவர்வது அல்லது கொல்வது, ஊர்களை எரிப்பது, அகப்பட்டோரைச் சிறைப்பிடிப்பது, மீள்வது. அடுத்த போகத்துக்கு மறுபடி வருவது.

வயலோடு தொடர்புடைய வாசகர்கள் இதன் பொருளை உடனே உணர்வர். எரிந்தது ஒரு போகத்து நெல் மாத்திரமன்று. அதனுள் அடுத்த போகத்துக்கான விதைநெல்லும் இருந்தது. எருமை போனால் சேறடிக்க வகையில்லை. சூடு மிதிக்கவும் வகையில்லை. மீண்டும் ஒரு கன்றை வளர்த்து நுகத்தில் பூட்ட ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஆறு முறை, எட்டு முறை படை வந்துவிடும். கண்டியர் போர் முறையும் குடிகளுக்கு இரக்கம் காட்டுவதாயில்லை. பகைவன் வரும்போது ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டுக்குள் மறைவது, நகரை வெறுமையாய் விட்டு அவனை உள்ளே வரவிடுவது, பின்னர் மரங்களை வெட்டிச் சாய்த்துக் கணவாய்களை அடைத்து, மழையும் காய்ச்சலும் அவனைத் தின்னக் காத்திருப்பது: இதுவே அவர்களுடைய தந்திரம். அதன் திறமையைப் போர்நூல் எழுதுவோர் மெச்சுகின்றனர். ஆனால் காட்டு மழையும் காய்ச்சலும் பறங்கியனை மட்டும் தேடிப் பிடிக்குமோ? கிழங்கு தோண்டித் தின்று, கைக்குழந்தையை இலைக்குடிசையில் கிடத்தியிருந்த தாய்மாரை எந்த வரலாறும் எண்ணி வைக்கவில்லை.

அசவேதோவின் படையினர் சிறைப்பட்ட தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இழைத்த கொடுமைகளைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்துள்ளனர். மல்வானையில் ஆற்று முதலைகளுக்கு மனிதரை இரையாக வீசிய செய்தியும் அவற்றுள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் இதனை வாசிக்கும் குடும்பங்களின் பொருட்டு எஞ்சியவற்றை விட்டுவிடுகிறேன். அவன் பின்னர் கோவாவில் அரசப் பிரதிநிதியாகி, இறுதியில் லிஸ்பனில் சிறையிலே மாண்டான் என்பதையும் அவர்களே எழுதுகின்றனர். அச்சிறைவாசம் இவ்வேழைகளின் பொருட்டு விதிக்கப்பட்டதன்று.

கசப்பான ஓர் உண்மையையும் மறைத்தல் தகாது. தீவட்டி பிடித்த கைகளிற் பெரும்பாலானவை வெள்ளைக் கைகள் அல்ல. படையில் பறங்கியர் சில நூறு பேரே. லஸ்கரீன் எனப்பட்ட கீழ்நாட்டுச் சுதேசப் படைஞரோ ஆயிரக் கணக்கினர். தம் நிலத்துக்குரிய சேவகக் கடனாக இழுத்து வரப்பட்ட உழவர்களே தம்மைப் போன்ற உழவர்களின் வயலைக் கொளுத்தினர். ஆகவே, தந்துறையிலும் ரந்தெனிவெலையிலும் கன்னொறுவையிலும் அவர்கள் கூட்டம் கூட்டமாய்க் கண்டிப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. 1630இல் பதுளையை எரித்துவிட்டு மீண்ட கொன்ஸ்தந்தீனோ டி சா அவ்வாறு கைவிடப்பட்டே மடிந்தான். 1638 மார்ச்சு மாதத்தில் கண்டி நகருக்குத் தீயிட்ட தியோகோ டி மெலோவின் படை, கன்னொறுவையில் பெயர் சொல்ல மிஞ்சவில்லை.

இனி அரசியல் விளைவு. கண்டியை நெருக்குவதற்கென்றே பறங்கியர் 1620களில் கிழக்குத் துறைகளையும் பிடித்தனர். திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களால் திருகோணமலையில் கோட்டை கட்டியது அப்போதுதான். கடல் வழி அடைபட்ட இரண்டாம் இராஜசிங்கன் வேறொரு கடலோடியைத் தேடினான். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை தங்குவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற வாசகம் ஒரு பிரதியில் இருந்தது. மற்றப் பிரதியில் இல்லை. 1656 மே 12இல் கொழும்பு வீழ்ந்தது. ஒல்லாந்தர் அதனை மன்னனிடம் ஒப்படைக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்கின்றனர். சினந்த மன்னன் கொழும்பைச் சூழ்ந்த ஊர்களைத் தானே பாழாக்கி, குடிகளை மலைநாட்டுக்கு ஓட்டிச் சென்றான். ஐம்பது ஆண்டுகள் கண்டி உழவன் பட்டதை இப்போது கீழ்நாட்டு உழவன் பட்டான். தீயிட்டவன் அவனுடைய மன்னன் என்பதே வேறுபாடு.

அந்தக் கொழும்பு முற்றுகை ஏழு மாதம் நீடித்தது. உள்ளேயிருந்த பறங்கியரும் சுதேசிகளும் யானையையும் நாயையும் தின்று தீர்த்தனர். உணவு சுருங்கச் சுருங்க, போரிட இயலாதோர் வெளியேற்றப்பட்டனர். வெளியே வந்தவர்களை ஒல்லாந்தர் மறுபடி உள்ளே விரட்டினர். முற்றுகைக்குள் போர்வீரனாயிருந்த ஜொவாவோ ரிபெய்ரோ, இறுதியில் மெலிந்து வெளியே நடந்தோர் 73 பேர் என்று எழுதியுள்ளார். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் அவ்வாறே பட்டினியால் வீழ்ந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட, மாந்தையிலிருந்து அன்னையின் திருவுருவத்தைச் சுமந்து கொண்டு தமிழ்க் குடும்பங்கள் மடுக் காட்டுக்கு ஓடின. போர்த்துக்கேயரிலும் அவர் வழிவந்தோரிலும் பலருக்கு ஓடிப்போக எஞ்சியிருந்த இடம் ஒன்றே. அது, அவர்கள் எரித்துக்கொண்டிருந்த கண்டி.

இராஜசிங்கன் அவர்களை ஏற்றான். ருவான்வெல்லையில் அவர்களுக்குக் குடியிருப்பு இருந்தது. வஹகோட்டையாரின் முன்னோர் போரில் சிறைப்பட்டவர் என்று ஒரு சாராரும், அடைக்கலம் புகுந்தவர் என்று மற்றொரு சாராரும் கூறுவர். மன்னன் கருணையால் செய்தான் என்று சொல்ல நான் துணியேன். ஒல்லாந்தருக்கு எதிராகத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் அவனுக்குத் தேவைப்பட்டிருப்பர். எனினும், தேவைக்காகச் செய்தாலும் அடைக்கலம் அடைக்கலந்தானே!

பாடத்தை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. 1803இல் ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துசாமி என்னும் நாயக்க வம்சத்தவனை அரசனாக்கக் கண்டிக்குப் படை அனுப்பினான். நகர் வெறுமையாயிருந்தது, மழை வந்தது, காய்ச்சல் வந்தது. மகாவலிக் கரையில் முத்துசாமியையே பகைவர் கையில் கொடுத்துவிட்டுத் தப்ப முயன்றது அப்படை, தப்பவுமில்லை. 1815இல் பிரதானிகளின் உதவியால் கண்டி கைப்பட்டதும், 1818 கிளர்ச்சியின்போது ஊவாவில் வீடும் வயலும் மாடும் கனிமரமும் அசவேதோவின் முறைப்படியே அழிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

எரிந்த வயலுக்கு எவரேனும் ஈடு கொடுத்ததுண்டா என்று கேட்கலாம். அண்மைக் காலத்தில் ஓர் உதாரணம் உண்டு; அது நம்மவரையும் தொட்டது. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் தன் அயல்நாடான குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கே வீட்டு வேலை செய்த இலங்கைப் பெண்கள் பல்லாயிரவர் உடுத்த உடையோடு பாலைவனம் கடந்து ஜோர்தான் எல்லையில் காத்துக் கிடந்தனர். பின்னர் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நட்டஈட்டு ஆணைக்குழு, ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து ஈடு பெற்றுத் தந்தது. அவ்வீடு பெற்றோரில் இலங்கையரும் உளர். அக்கணக்கை ஈராக் முற்றும் தீர்த்தது 2022இல். சின்னஞ்சிறு தொகையேனும், படையெடுத்தவன் சாதாரண மனிதனுக்குக் கடன்பட்டான் என்று ஏட்டிலே எழுதப்பட்டது. கண்டி உழவனுக்கு அவ்வேடு திறக்கப்படவேயில்லை.

வஹகோட்டைக்கு மீள்வோம். அடைக்கலம் கிடைத்ததனால் ஐயம் தீர்ந்துவிடவில்லை. 1692இல் கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகள் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையிடப்பட்டார். 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்ட அதே அடிகள்தாம். மன்னன் அவரை அறிந்துகொண்டான், விடுவித்தான், பணிபுரிய இடமளித்தான். 1740களில் மறுபடி காற்று மாறிக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். குருவின்றி, பலிபூசையின்றி, தமக்குத் தெரிந்த செபங்களைத் தாமே சொல்லி, அந்தோனியார் சுரூபத்தைக் காத்து அவ்வூரார் தலைமுறைகளைக் கடத்தினர்.

அவ்வூருக்கு நான் சென்றிருந்தபோது, கோவிலுக்கு அப்பால் வரம்பு கட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு உரையாடினேன். தம் முன்னோர் பறங்கியர் என்பதைப் பெருமையோ வெட்கமோ இன்றிச் சொன்னார். ‘அப்படியானால் மன்னன் உங்களுக்கு நிலம் கொடுத்தது ஏன்?’ என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிச் சிறிது நேரம் நின்றார்.

‘யாருக்குத் தெரியும், மஹத்தயா! சண்டையிலே ஆட்கள் செத்திருப்பார்கள். வயல் சும்மா கிடந்திருக்கும். உழ ஆள் வேண்டுமே’ என்றார். பிறகு குனிந்து சேற்றை அள்ளி வரம்பின்மேல் இட்டார்.