கழற்றுவதா, விட்டுவைப்பதா?

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரே வழக்கு. வழக்குப் பொருள் 1981ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்டி மோட்டார் சைக்கிள். அதன் முன்பக்கத்தை ஹேண்டலிலிருந்து முழங்கால்வரை மூடியிருக்கும் பெரிய கவசம் இருக்கிறதே, ஃபேரிங் என்பார்கள், அதைக் கழற்றுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கழற்ற வேண்டும் என்பவள் சைபர்ஜெயாவில் வேலை பார்க்கும் என் மகள். கூடவே கூடாது என்பவர் என் தாய்மாமா. வண்டி அவர் எனக்குக் கொடுத்தது என்பதால் அவருடைய பேச்சுக்கு எடை அதிகம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான்.

'இதற்குப் போய் மூன்று மாதமா' என்று கேட்பவர்கள் பழைய வண்டி எதையும் வைத்திருந்ததில்லை என்று பொருள். புது வண்டியில் ஒன்றைக் கழற்றினால் கடையில் இன்னொன்று கிடைக்கும். நாற்பது வயது தாண்டிய வண்டியில் கழற்றியது உடைந்தால் உடைந்ததுதான். அதனால் அவசரப்படவில்லை.

முதலில் இந்தக் கவசம் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சின் தரவேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் சட்டைக் காலரை அசைக்கும் காற்று, நம் நெடுஞ்சாலையின் உச்சவரம்பான 110இல் மூன்று மடங்குக்கும் மேலான பலத்தோடு நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டிவிட்டு இறங்கினால் கழுத்து கழுத்தாக இருக்காது.

1974இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஹோண்டா தன் கோல்ட்விங் வண்டியைக் காட்டியபோது அதில் கவசமே இல்லை. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டிக்கு முன்பக்கம் வெறும் விளக்குதான். அந்தக் குறையை நிரப்பியவர் கிரேக் வெட்டர் என்ற அமெரிக்கர். இலினோய் மாநிலத்தின் ரன்டூல் என்ற சிற்றூரில் அவர் செய்த 'விண்ட்ஜாமர்' கவசத்தை வாங்கி, தங்கள் வண்டியில் தாங்களே பூட்டிக்கொண்டார்கள் அந்நாட்டுப் பயணிகள். ஹோண்டா விழித்துக்கொண்டு, தொழிற்சாலையிலேயே கவசம் பூட்டிய கோல்ட்விங்கை விற்க 1980 ஆகிவிட்டது.

பிஎம்டபிள்யூ முந்திக்கொண்டது. 1976இல் வந்த ஆர்100ஆர்எஸ்ஸின் முழுக் கவசம் ஹான்ஸ் மூத் வடிவமைத்தது. இத்தாலியில் பினின்ஃபரினா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்துச் சீராக்கியது. இதே மூத் பிறகு சுசுகி கட்டானாவின் வடிவமைப்பிலும் பங்கெடுத்தவர் என்றால் இளைஞர்களுக்குச் சட்டென்று புரியும். ஆர்எஸ் வேகப் பிரியர்களுக்கு. குனிந்து ஓட்ட வேண்டும். இரண்டு வருடம் கழித்து வந்த ஆர்டி அப்படியல்ல. நிமிர்ந்து உட்காரலாம், உயரமான கண்ணாடி, அகலமான கவசம். 980 சிசி, 70 குதிரைத்திறன், 24 லிட்டர் பெட்ரோல் டாங்கி. ஆல்ப்ஸ் மலையைக் குளிரில் கடக்கிறவனுக்காகச் செய்த வண்டி.

அது டெங்கிலுக்கு எப்படி வந்தது?

மாமா பிராங் பெசார் தோட்டத்தில் ஃபிட்டர். இன்று புத்ராஜெயா நிற்கிற இடம் அது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் தொடங்கிய ரப்பர் தோட்டம். 'பெரிய போர்' என்ற பெயரே அங்கிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில், நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் மாமா இந்த வண்டியை வாங்கினார். அப்போது தோட்டத்துச் செம்மண் பாதையில் ஐம்பதைத் தாண்டினாலே அதிகம். இந்தக் கவசத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பிள்ளைகள் 'போலீஸ் வண்டி' என்று கத்துவார்களாம். தப்பில்லை. அந்தக் காலத்தில் போக்குவரத்துப் போலீசார் ஓட்டிய வெள்ளை ஹோண்டா சிபிஎக்ஸ் 750ஐப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கவசம் போட்ட பெரிய வண்டி என்றால் போலீஸ்தான்.

பிறகு எல்லாம் மாறியது. 1995இல் புத்ராஜெயா வேலை தொடங்கியது. 1998இல் விமான நிலையம் திறந்தது. எலைட் நெடுஞ்சாலை வந்தது. தோட்டத்து மக்கள் பலர் டெங்கில் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கதை தனிக்கதை, இங்கே சொன்னால் வண்டி நின்றுவிடும். மாமாவுக்கு மட்டும் ஒரு லாபம்: ஜெர்மன்காரன் எந்தச் சாலையை நினைத்து அந்தக் கவசத்தைச் செய்தானோ, அந்த மாதிரிச் சாலை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. நம் நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கட்டணமும் இல்லை. அத்தையை ஏற்றிக்கொண்டு தைப்பூசத்துக்குப் பினாங்கு, லீவு விட்டால் ஹட்யாய். கவசத்தின் உள்பக்கம் ஒரு சிறு அறை உண்டு. அதில் எழுத்து மங்கிப்போன பெட்ரோல் ரசீதுகளும் ஒரு திருநீற்றுப் பொட்டலமும் இன்னும் இருக்கின்றன. அத்தை போய் ஆறு வருடமாகிறது. மாமாவின் முழங்கால் இப்போது வண்டியைத் தாங்காது. "வித்துடாதே, தம்பி" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

மகளின் வாதமும் லேசானதல்ல. "அப்பா, காலையில டெங்கில்லேர்ந்து காஜாங் போய்ப் பாருங்க. முட்டி ரெண்டும் வெந்துடும்" என்றாள். போய்ப் பார்த்தேன். வெந்தது. காற்றைத் தடுக்கிற கவசம் குளிர்ந்த காற்றையும் சேர்த்துத்தான் தடுக்கும். ஜெர்மனியின் அக்டோபர் மாதத்தில் வரமாக இருப்பது, நம் ஊரில் 33 டிகிரி வெயிலில் நெரிசலில் நிற்கும்போது அடுப்பங்கரை.

ஆனால் கவசத்தைக் கழற்றினால் எஞ்சினும் குளிர்ந்துவிடும் என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை. இந்த பாக்ஸர் எஞ்சினின் இரண்டு சிலிண்டர்களும் இரண்டு பக்கமும் கைநீட்டியதுபோலக் கவசத்துக்கு வெளியே நிற்கின்றன. வண்டி ஓடும்போது அவற்றுக்குக் காற்று கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. நின்றால்தான் ஆபத்து; ரேடியேட்டரும் இல்லை, விசிறியும் இல்லை. கவசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருபது நிமிடம் நெரிசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் கொதிக்கும். சிக்னலில் நேரமானால் அணைத்துவிடுவதே வழி. ஆக, கவசத்தைக் கழற்றினால் குளிர்வது ஓட்டுகிறவன்தான்.

இப்போதெல்லாம் பழைய பாக்ஸர்களைப் பிடித்துக் 'கஃபே ரேசர்' ஆக்குவது ஒரு மோகம். கிள்ளானில் ஒரு பட்டறையில் விலை கேட்டேன். அந்த இளைஞர் வண்டியைச் சுற்றி வந்து, பின்சட்டத்தை இங்கே வெட்டலாம், வயரிங் முழுவதையும் மாற்றலாம், கவசத்தை யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். கை சுத்தமான வேலைக்காரர்தான், அவர் செய்த வண்டிகளைப் பார்த்தேன். ஆனால் இந்த வண்டியின் பின்சட்டம் வெறும் போல்ட்டில் பூட்டியிருப்பது. கழற்றி வைக்கக்கூடியதை ஏன் வெட்ட வேண்டும்? அழகுக்காக வெட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் வண்டி, அவர்கள் விருப்பம். என் வண்டியில் ரம்பம் படக்கூடாது என்பது மட்டும் அன்றே முடிவானது.

மிச்சமிருந்தது, வெட்டாமல் கழற்றிப் பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டுத் தொடங்கினோம். போல்ட் எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. தலைவலி அதன் பிறகுதான். இந்த மாடலில் முகப்பு விளக்கைத் தாங்குவது கவசம். மற்ற வண்டிகளில் முன்ஃபோர்க்கில் இருக்குமே, விளக்கைப் பிடிக்கும் இரண்டு காதுகள், அவை இதில் கிடையாது. முன் சிக்னல்களும் கவசத்தில். கடிகாரமும் வோல்ட் மீட்டரும் கவசத்தில். கழற்றி முடித்தபோது வண்டி கண் இல்லாமல், வயர்கள் தொங்க, மீன் சந்தையில் கிடக்கும் கணவாய்போல நின்றது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று 1992 முதல் சட்டம் இருக்கும் நாட்டில் அப்படியே தெருவில் இறக்க முடியாது. பழைய பாக்ஸர்களுக்கு இன்றும் உதிரிபாகம் கிடைப்பது நல்லகாலம். விளக்குக் காதுகளும் இரண்டு சிக்னல்களும் வரவழைத்தோம். வயர் ஒன்றையும் வெட்டவில்லை. கனெக்டர் போட்டு நீட்டினோம். ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றி மகள் எண் எழுதினாள். கணினி வேலை செய்கிறவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது.

கவசமில்லாமல் முதல் ஓட்டம் பந்திங் வழியாக மோரிப். உள்ளதைச் சொன்னால், அவ்வளவு சுகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முன்சக்கரம் கண்ணுக்குத் தெரிகிறது. எண்பதில் போனால் செம்பனை வாசம், மீன் வாசம், மழைக்கு முன் வருகிற மண் வாசம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் படுகின்றன. வண்டி பத்து வயது இளையதுபோல இருந்தது.

அடுத்த ஞாயிறு எலைட் ஏறி சிரம்பான், அங்கிருந்து மலாக்கா. நீலாய் தாண்டும்போதே கை வலித்தது. ஹேண்டல் உயரமாக இருப்பதால் நெஞ்சு முழுக்கப் பாய்மரம். லோரிகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் காற்று ஓர் அறை விட்டது. திரும்பும் வழியில் நான்கு மணி மழை. கவசம் இருந்தபோது இந்த மழையில் தோளும் கையும்தான் நனையும். இப்போது முழங்காலிலிருந்து காலணிவரை தண்ணீர் புகுந்தது. மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கி, கப்சாய்க்காரர்கள் முப்பது பேரோடு நின்றேன். அதற்கென்று ஒரு தோழமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஐம்பத்தாறு வயதில் அது போதாது.

அன்றிரவு மாமாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சின்ன வெற்றி தெரிந்தது. "நான் சொன்னேன்ல?" என்று அவர் ஆரம்பிக்க, மகள் குறுக்கிட்டாள். "தாத்தா, ஒரே ஒரு கேள்வி. நான் ஓட்டிப் பழகறப்ப வண்டிய கீழ போட்டா என்ன ஆகும்?"

அந்தக் கேள்விதான் வழக்கையே திருப்பியது. அவள் 250 சிசி வரைக்குமான பி2 உரிமத்தில் கப்சாய் ஓட்டிக்கொண்டிருந்தவள். இந்த வண்டிக்காகவே, 500 சிசிக்கு மேல் ஓட்டுவதற்கான முழு பி உரிமம் எடுத்திருக்கிறாள். இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைப் பழகும்போது யாராக இருந்தாலும் ஒருமுறையாவது சாய்ப்பார்கள். நிறுத்தும் இடத்தில், யூ திருப்பத்தில், கால் எட்டாத மேட்டில். கவசம் இல்லாவிட்டால் சிலிண்டர் மூடியும் அதன் முன்னால் இருக்கும் இரும்புக் கம்பியும் அடியைத் தாங்கும். மூடியில் கீறல் விழும், அவ்வளவுதான். கவசத்தோடு சாய்ந்தால் ஃபைபர் கிளாஸ் விரிசல் விடும். ஒட்டலாம், பெயிண்டும் அடிக்கலாம். அந்தப் பழைய நீலத்தை யார் கொண்டுவருவது?

மாமா நெடுநேரம் பேசவில்லை. கவசத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்து ஃபிட்டருக்கு அதை இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை. கடைசியில், "ஒரு வருசம். அவ விழாம ஓட்டப் பழகட்டும். அப்புறம் நானே மாட்டுறேன்" என்றார்.

கவசம் இப்போது மாமா வீட்டில் இருக்கிறது. வெயில் படாத அறையில், பழைய கம்பளியில் சுற்றி, கண்ணாடி மேலே பார்க்க, படுக்கை வசத்தில் அல்லாமல் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். படுக்கவைத்தால் நாளடைவில் வளைந்துவிடும் என்றார். போல்ட்டுகள் ஒரு மைலோ டின்னில், இடது வலது என்று தனித்தனிப் பொட்டலமாக. திருநீற்றுப் பொட்டலத்தை மட்டும் மகள் எடுத்துத் தன் ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டாள். மாமா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவள் மோரிப் போகிறாள். பின்னிருக்கையில் நான். காற்று முகத்தில் அடிக்கும், கண்ணாடி வைத்த தலைக்கவசம் போட்டுக்கொண்டு வாங்க என்று இப்போதே சொல்லிவிட்டாள்.